காருக்குக் கால் கழுவி உட்ட கதை

போன சனிக்கெழம காலைல நான் ஒரு காருக்குக் கால் கழுவி உட்டேனுங்க.

சிரிக்காதீங்க. நாலு காலையும்தான். கொடம் கொடமாத் தண்ணி ஊத்தி, தேங்கா நாரு போட்டுத் தேச்சு, கொழந்தையக் குளிப்பாட்டற மாதிரி கழுவி உட்டேன். கழுவுனதோட உட்டனா? அந்தக் காருகிட்டப் பேசவும் செஞ்சேன். அது மூலமா இன்னொருத்திகிட்டயும் பேசுனேன்... நாலு வருசமாப் பேசாதவகிட்ட!

இருங்க, இருங்க. நடுவுல இருந்து ஆரம்பிச்சுட்டேன். எனக்கு எப்பவுமே இப்படித்தான். நான் போன்ல சொல்லச் சொல்ல எழுதிக்கற பத்திரிகைக்காரப் பொண்ணு கூட, "ஆத்தா, ஒன்னு ஒன்னாச் சொல்லுங்க"ன்னு வாராவாரம் கெஞ்சுது. நமக்கு எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது. பேச மட்டும் தெரியும். நிறுத்தத் தெரியாது.

சரி, மொதல்ல இருந்து வாரேன்.

எங்க ரெண்டாவது பையன் சரவணன் கார் வாங்கிட்டான். செகண்ட் ஹேண்டுதான். ஆனா குட்டிக் காரில்லீங்க. ஏழு பேரு உக்கார்ற காரு. வெள்ளை வெளேர்னு. ஏறறதுக்குப் படி வெச்சிருக்குது... எங்க ஊட்டுக்கே படி கெடையாது, அந்தக் காருக்குப் படி இருக்குது! கதவத் தொறந்தா உள்ள லைட்டு தானா எரியுது. மூடுனாலும் ஒடனே அணையறதில்ல. "உக்காந்துட்டீங்களா, சேலை மாட்டலையே"ன்னு பாத்துட்டு, சித்த நேரம் கழிச்சுத்தான் அணையுது. மரியாதை தெரிஞ்ச வண்டி.

முன்னால ஒரு சின்ன டிவி. வண்டி பின்னால போனா, பின்னால இருக்கறதெல்லாம் அதுல தெரியுது. பச்சைக் கோடு, மஞ்சக் கோடு, செவப்புக் கோடு. ஏதாச்சும் கிட்ட வந்தா கீக்... கீக்...னு கத்துது. நெம்பக் கிட்ட வந்தா மூச்சு உடாமக் கத்துது. எனக்கு அந்தச் சத்தம் புடிச்சுப் போச்சுங்க. ஊட்டுல நானும் அந்த வேலையத்தான் பாக்கறேன்.

வெள்ளிக்கெழம சாயந்தரம் வண்டி எங்க ஊருக்கு வந்துச்சு. எங்க ஊரு மலை மேல, சோளக்காடுங்கற சந்தை ஊருல இருந்து கொஞ்சம் உள்ள. தார் ரோட்டுல இருந்து எங்க ஊட்டுக்கு ஒரு மண்ணுத் தடம் கீழ எறங்குது. ஒரு பக்கம் கல்லுச் சொவரு. மறுபக்கம் பள்ளம், பள்ளத்துல காப்பித் தோட்டம். நடுவுல முழங்கையாட்டம் ஒரு மடக்கு. அதத் தாண்டுனா எங்க ஊட்டு வாசல். அதோட தடம் முடிஞ்சது.

வாழைத்தார் ஏத்தற மினி லாரி குமரேசன் ரோட்டு மேலயே வண்டிய நிறுத்தச் சொன்னான். இந்த மலையில அவன் ஓட்டாத வண்டி இல்ல, திரும்பாத வளைவு இல்ல. "சரவணா, இது நீள வண்டி. ரிவர்ஸ்லயே எறக்கிரு. மூக்கு ரோட்டப் பாத்து நிக்கட்டும். காலைல சல்லுனு ஏறிரலாம்"னான்.

சரவணனும் சரின்னு வண்டியத் திருப்பப் போனான்.

நான் உட்டனா?

"ஏண்டா, புது வண்டி மொத மொதல்ல ஊட்டுக்கு வருது. பின்பக்கத்தக் காட்டிட்டா வரும்? மருமவ மொத நாளு அப்படித்தான் வந்தாளா? மூஞ்சியக் காட்டிட்டு வரச் சொல்லுடா!"ன்னேன்.

குமரேசன் தலையில அடிச்சுக்கிட்டான். "அம்மாயி, இது மருமவ இல்ல, கல்யாண மண்டபம். உள்ள போனா திரும்பாது."

"செகண்ட் ஹேண்டா இருந்தாலும் எங்களுக்குப் புதுசுதான். நீ உன்ர லாரியப் பாரு."

எங்க பக்கத்துல அதுதான் வழக்கமுங்க. டிராக்டரோ, டிவிஎஸ்ஸோ, மாடோ... மொத நாளு வாசலப் பாத்துத்தான் வரணும். எலுமிச்சம்பழம் நசுக்கி, ஆரத்தி எடுத்து, மூக்குக்கு மஞ்சள் வெச்சுத்தான் நிறுத்துவோம். ஆரத்தியப் பின்னாடி லைட்டுக்கா காட்டுவாங்க? நீங்களே சொல்லுங்க.

சரவணன் அம்மா பேச்சத் தட்டாதவன். அந்த முழங்கை மடக்குல மூணு தடவ முன்னால பின்னால போயி, கண்ணாடிய மடக்கி, வேர்த்து விறுவிறுத்து மூக்க முன்னால கொண்டாந்து நிறுத்திட்டான். நான் ஆரத்தி எடுத்தேன். வண்டியும் அவ்வளவு சந்தோசமா எங்க ஊட்டப் பாத்துட்டு நின்னுச்சு.

மறுநாள் காலைல பாருங்க கூத்த.

சரவணன் பொண்டாட்டி, எங்க மருமவ மேகலா, பள்ளிக்கூடத்து டீச்சருங்க. வேலை இந்த மாவட்டத்துலதான்... ஆனா அந்தக் கோடி. காவேரிக்கரைப் பக்கம். தெனமும் மலை எறங்கிப் போயிட்டு வர்ற தூரமா அது? அங்கயே ரூம் எடுத்துத் தங்கறா. வெள்ளிக்கெழம வருவா, ஞாயித்துக்கெழம சாயந்தரம் போவா. அஞ்சு வருசம். பேத்தி தருணிக்கு வயசே ஆறு. அவ அம்மா பஸ்ஸு ஏறறப்ப முன்னாடியெல்லாம் அழுவா. இப்ப அழறதில்லீங்க. பஸ்ஸு வர்றதுக்கு முன்னாலயே ஊட்டுக்குள்ள போயித் தலகாணிக்கடியில மூஞ்சிய வெச்சுக்கறா. அழுதாலே தேவலைன்னு இருக்கும்.

இப்ப எங்க மலைப் பள்ளிக்கூடத்துல ஒரு எடம் காலி. சனிக்கெழம நாமக்கல்லுல மாறுதல் கவுன்சிலிங். ஒன்பதரைக்குள்ள ஹாலுக்குள்ள இருக்கணுமாம். ஒவ்வொருத்தர் பேராக் கூப்புடுவாங்களாம். கூப்புடறப்ப ஆளு இல்லைன்னா, அடுத்த பேரு. அந்த எடத்த அடுத்தவங்க எடுத்துக்குவாங்க. அவ்வளவுதான். "கொஞ்சம் லேட்டாயிருச்சுங்க சார்"ங்கற பேச்சே கெடையாதாம்.

மேகலா மொத பஸ்ஸுக்கே போறேன்னுதான் சொன்னா. "அத்த, பஸ்ஸுன்னா ஒரு தைரியம். நான் அதுலயே போயிடறனே"ன்னா.

"வாசல்ல கப்பலாட்டம் வண்டிய நிறுத்திட்டு பஸ்ஸுல போவாங்களா? நானும் வாரேன். எல்லாரும் போலாம்"னு நான்தான் மறிச்சேன்.

பாருங்க... மூக்கத் திருப்பி நிறுத்துனதும் நான். பஸ்ஸ உட வெச்சதும் நான்.

எனக்கு மணி பாக்கத் தெரியாதுங்க. பஸ்ஸுதான் எனக்கு மணி. மொத பஸ்ஸு ஆரன் அடிச்சுட்டுப் போனப்ப நான் புதுச்சேலை கட்டி, பூ வெச்சு, வண்டியில முன் சீட்டுல ஏறி உக்காந்துட்டேன். மேகலா ஃபைலக் கட்டிப் புடிச்சுட்டுப் பின்னால. சரவணன் சாவியத் திருக்குனான். டிவி எரிஞ்சுது. எனக்கு ஒரே குஷி.

வண்டி பின்னால ஏறுச்சு... ஏறுச்சு... மடக்குக்கிட்டப் போனதும் சர்ர்ருனு வழுக்கிட்டுக் கீழ வந்துருச்சு.

ராத்திரி வாழைக்குத் தண்ணி உட்ட ஓஸு கழண்டு, தடம் பூரா நசநசன்னு ஊறிக் கெடந்திருக்குது. மேட்டுல ரிவர்ஸ்ல ஏறணும், நடுவுல ஒடிக்கணும், அக்கட்ட பள்ளம். ரெண்டாவது தடவையும் வழுக்குச்சு. மூணாவது தடவ பின் சக்கரம் பள்ளத்து ஓரம் போயி நின்னுச்சு. கீக்கீக்கீக்கீன்னு வண்டி கத்துது, நானும் கத்தறேன், மேகலா மட்டும் கத்தல. அவ செவுத்தப் பாக்கற மாதிரி நேராப் பாத்துட்டு இருந்தா.

கல்லு போட்டு, முட்டுக் குடுத்து, திரும்ப வாசலுக்கே கொண்டாந்து சேத்துனோம்.

நம்ம ஊருல ஒரு வண்டி ரிவர்ஸ் எடுத்தாப் போதும், கூட்டம் எங்கிருந்து வருதுன்னே தெரியாது. சாவு ஊட்டுக்குக் கூப்புட்டாக் கூட இத்தன பேரு வரமாட்டாங்க. சைக்கிள் ஓட்டத் தெரியாதவன் கூட, "லெப்ட்டு ஒடி!"ங்கறான். இன்னொருத்தன், "ரிட்டன் ஒடி!"ங்கறான். "வரலாம்... வரலாம்... வரலாம்... ஓல்டான்!" அந்த ஓல்டானச் சொல்றவன் எப்பவும் இடிச்சதுக்கப்பறம்தான் சொல்லுவான். கவனிச்சிருக்கீங்களா?

"பைக்குல கூட்டிட்டுப் போயிருடா"ன்னேன். பைக்கு ஊட்டுக்குப் பொறத்தால. வெளிய வர்றதுக்கு இருந்த சந்துல காரு நிக்குது. காருக்கும் சொவத்துக்கும் நடுவுல ஒரு கோழி போலாம். ஹேண்டில்பாரு போகாது.

அதுக்குள்ள குமரேசன் வந்து சேந்தான், லாரிய ஒர்க்ஷாப்புல உட்டுட்டு நடந்தே. தடத்தப் பாத்தான், வண்டியப் பாத்தான், என்னையும் ஒரு பார்வை பாத்தான்.

"ரிவர்ஸ்ல ஏறாது. மூக்கத் திருப்பிட்டா கியர்ல ஏறிரும். இங்கயே திருப்பியாகணும்"னான்.

எங்க வாசல்ல ஆட்டோ ஒரே சுத்துல திரும்பும். சின்னக் காருன்னா ரெண்டு வெட்டு. இது? சரவணன் ஸ்டேரிங்க முழுசா ஒடிச்சான். முன் சக்கரம் என்னமோ கழுத்து புடிச்ச மாதிரி கொஞ்சூண்டுதான் திரும்புச்சு. மூக்கு எங்க திண்டுல முட்டுது, வாலு அக்கட்டயே நிக்குது.

"நீள வண்டிக்கு வட்டமும் பெருசா வேணும் அம்மாயி. ஒடிச்ச எடத்துல திரும்பறதுக்கு இது ஆட்டுக்குட்டி இல்ல. பின்னால எடம் வேணும்"னான் குமரேசன்.

எல்லாரும் பின்னால பாத்தாங்க.

பின்னால என்ன இருக்குது? தடம் வந்து முடியற எடத்துக்குப் பக்கத்துல, எங்க வாசலுக்கு ஒட்டுனாப்புல, சொவரு கூட இல்லாம, சமமா, சிமெண்டு போட்டு, பெருசா... ஒரு களம். அந்த ஏழு பேரு வண்டி ரெண்டு திரும்பலாம்.

அது செல்லாயி களம்.

எல்லாரும் சட்டுனு வேற பக்கம் திரும்பிட்டாங்க. ஏன்னா ஊருக்கே தெரியும். செல்லாயி என்ர வூட்டுக்காரருக்குத் தம்பி பொண்டாட்டி. எனக்கு ஓரகத்தி. நாலு வருசத்துக்கு முன்னால சோளக்காட்டுச் சந்தையில, வியாபாரி என்ர மொளகைக் கையில அள்ளிப் பாத்துட்டு இருக்கறப்ப, அவ பக்கத்துல வந்து, "அக்கா மொளகுல பப்பாளி வெத கெடக்குதாட்ட இருக்குதே"ன்னுட்டா.

மொளகுல பப்பாளி வெதயா? என்ர மொளகுலயா? இந்த மலையில ஒரு பொம்பளயத் திட்டறதுக்கு ஆயிரம் வார்த்தை இருக்குதுங்க. இது ஒன்னுதான் ஆறாது. எங்க தோட்டத்துல பப்பாளி மரமே கெடையாது. சரி, ஒன்னு இருக்குது. ஆனா அது ஆண் மரம், காயே புடிக்காது!

நானும் சும்மா இருக்கல. அவ மொளகுலதான் பாதி பப்பாளி வெதன்னு பேளுக்குறிச்சி சந்தை வரைக்கும் போயிச் சொல்லிட்டு வந்தேன். அன்னிக்கு நின்னுச்சு பேச்சு. பக்கத்துப் பக்கத்து வாசல். அவ கோலம் போடறப்ப நான் பொடனியக் காட்டிட்டு நிப்பேன். நான் துணி காயப் போட்டா அவ பொடனியக் காட்டுவா. நாலு வருசமா ஒருத்தி பொடனிய ஒருத்தி பாத்துட்டுத்தான் வயசாயிட்டு இருந்தோம்.

"இன்னொரு தடவ இங்கயே ட்ரை பண்றேம்மா"ன்னு சரவணன் ரிவர்ஸ் கியரப் போட்டான். டிவி எரிஞ்சுது. நான் எட்டிப் பாத்தேன்.

செவப்புக் கோட்டுக்கு நடுவுல செல்லாயி நிக்கறா!

களத்து ஓரத்துல, இடுப்புல கைய வெச்சுட்டு, வெறுங்காலோட, நேரா என்னயவே பாத்துட்டு நிக்கறா. வண்டி கீக் கீக்னு கத்துது. நாலு வருசம் கழிச்சு அவ மூஞ்சிய நேருக்கு நேராப் பாத்தேனுங்க... டிவியில. இளைச்சுப் போயிருந்தா. முன் பல்லு ஒன்னக் காணோம். எப்ப விழுந்துச்சோ, தெரியல.

அப்பப் பாத்து ரோட்டுல பால் வண்டி ஆரன் கேட்டுச்சு. பால் வண்டி போனா ஏழு ஆகப் போகுதுன்னு அர்த்தம். மலை எறங்கவே எழுபது வளைவு இருக்குது. அப்பறம் காரவள்ளி, அப்பறம் பேளுக்குறிச்சி, அப்பறம் நாமக்கல். அடுத்த பஸ்ஸுல போனா பத்து மணிக்கு மேலதான் ஹாலு.

எனக்கு உக்கார முடியல. எறங்குனேன். நின்னேன். முந்தானைய இடுப்புல சொருகுனேன், எடுத்தேன், மறுக்காச் சொருகுனேன். களத்துப் பக்கம் ரெண்டு எட்டு வெச்சேன். வாயி வரல. மனசுக்குள்ள, "செல்லாயி, கொஞ்சம் எடம் உடு"... நாலே வார்த்தை. வரமாட்டேங்குது! தெனமும் மூவாயிரம் வார்த்தை பேசற வாயி!

மேகலா வண்டியில இருந்து எறங்குனா. ஃபைலக் கையில வெச்சுட்டு, நேரா செல்லாயிகிட்டப் போனா.

"சின்னத்த... இன்னிக்கு உட்டா எனக்கு மறுபடியும் எப்பன்னு தெரியாது. தருணி..."

அவ்வளவுதான் சொன்னா.

செல்லாயி மேகலாவப் பாத்தா. கதவோரம் சட்டை பொத்தானக் கடிச்சுட்டு நின்ன தருணியப் பாத்தா. அப்பறம் திரும்பி... என்கிட்ட இல்லீங்க, காருகிட்டப் பேசுனா!

"ஏ வண்டி! என்ர களத்துல இதுவரைக்கும் செருப்புக்காலு பட்டதில்ல. ராயி காஞ்ச எடம், நெல்லு காஞ்ச எடம், இப்ப மொளகு காயப் போட்டிருக்கறேன். செருப்போட ஆரையும் ஏத்த மாட்டேன்."

நான் உடுவனா? நானும் காருகிட்டயே சொன்னேன். "ஏ வண்டி, நீ எங்க செருப்புப் போட்டிருக்கற? சொல்லு! உனக்கு இருக்கறது காலு!"

"ஏ வண்டி, டயரு காலா? ரப்பரு!"

கூட்டத்துல பஞ்சாயத்து ஆரம்பிச்சிருச்சு. டயரு காலா, செருப்பா? ஒருத்தன் காலுங்கறான். இன்னொருத்தன், "வண்டி பொறக்கறப்பயே டயரோடவா பொறக்குது? மாட்டி உடறதுதான. அப்ப செருப்புதான்"ங்கறான். குமரேசன் சத்தியம் பண்ற மாதிரி கையத் தூக்கி, "எங்கப்பாரு டயர வெட்டித்தான் செருப்புத் தெச்சுப் போட்டிருந்தாரு. அதனால இது செருப்புதான்"னுட்டான். நம்ம பக்கம் பேசுவான்னு பாத்தா!

"கழட்டிட்டுப் போகட்டும்"னு எவனோ சொன்னான். சரவணன் ஸ்டேரிங்குல நெத்திய வெச்சு முட்டிக்கிட்டான். ஆரன் அடிச்சிருச்சு.

களத்துல செருப்புப் போட்டு ஏறக்கூடாதுங்கறது எங்களுக்கு விளையாட்டில்லீங்க. படி அளக்கற எடம். என்ர மாமனாரு வாழ்ந்த வரைக்கும் கலெக்டரே வந்தாலும் கழட்டிட்டுத்தான் ஏறணும்பாரு. செல்லாயி சொன்னதுல ஞாயம் இருக்குதுன்னு எனக்கே தெரியும். அதுதான் எரிச்சல். அவ பேசறது ஞாயமா இருக்கறப்ப எனக்கு ஒடம்பெல்லாம் அரிக்கும்.

தருணி வந்து என்ர சேலையப் புடிச்சு இழுத்தா. "அப்பத்தா, நான் மண்ணுல வெளையாடிட்டு வந்தா காலக் கழுவிட்டு உள்ள வரச் சொல்லுவீங்கல்ல?"

அட!

நான் செல்லாயியப் பாக்காம, காரப் பாத்துக் கேட்டேன். "ஏ வண்டி... காலக் கழுவிட்டு வந்தா உடுவாங்களான்னு கேளு."

செல்லாயி நாலு டயரையும் குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டு ஒரு சுத்து வந்தா. அந்த ஒரு சுத்து இருக்குதே... எழுபது வளைவ விட நீளம். அப்பறம், "ஏ வண்டி, நல்லாத் தேச்சுக் கழுவணும்"னா.

அவ்வளவுதான். புதுச்சேலையத் தூக்கிச் சொருகிட்டு மண்ணுல உக்காந்துட்டேன். குமரேசன் கொடத்துல தண்ணி கொண்டாந்து ஊத்தறான், நான் நாரு போட்டுத் தேக்கறேன். சேறு, எலுமிச்சந்தொலி, முந்தின நாளு ஆரத்தி மஞ்சத்தண்ணி... எல்லாம் கெடக்குது டயரு பல்லுல. ஒவ்வொரு பல்லுலயும் வெரல உட்டு நோண்டுனேன். தரையில பட்டிருந்த பக்கமும் கழுவணுமேன்னு வண்டியக் கொஞ்சம் உருட்டி, கோணிச்சாக்க விரிச்சு, அது மேலயே நிறுத்தி... ஏனுங்க, பெத்த புள்ளைகளுக்குக் கூட நான் இத்தன சுத்தமாக் கழுவல. கல்யாணத்துல மாப்பிள்ளைக்குக் கால் கழுவி உடுவாங்கல்ல, அத விட மரியாதை!

தலையத் தூக்கிப் பாக்கறேன், செல்லாயி பலகைய எடுத்துக் களத்து மொளகு பூராத்தையும் ஒரு பக்கமாத் தள்ளிட்டு இருக்கறா. தனியா. மூச்சு வாங்குது அவளுக்கு. நாலாவது டயர முடிச்ச கையோட நான் களத்துல ஏறிட்டேன், வெறுங்காலோட. அவ பலகையில தள்ளறா, நான் கையில தள்ளறேன். பேசிக்கல. ஆனா ஒரே பக்கமாத்தான் தள்ளுனோம்.

"வரட்டும்!"னான் குமரேசன். செருப்பக் கழட்டி வரிசையா உட்டுட்டுக் கூட்டமே களத்துல ஏறி நின்னுச்சு. இந்தத் தடவ மத்தவங்க வாயே தொறக்கல, அவன் மட்டுந்தான். சரவணன் கோணிச்சாக்கு மேல உருட்டி, கழுவுன காலோட வண்டிய மெதுவா ரிவர்ஸ்ல களத்துக்குள்ள கொண்டாந்தான். கீக்... கீக்... நான் மூச்ச அடக்கிட்டு நின்னேன். ஒரு வெட்டு. மூக்கு இன்னும் திண்டுப் பக்கமே இருக்குது. "முன்னால போ, முழுசா ஒடி... ரிட்டன்... இன்னொரு வாட்டி உள்ள வா." ரெண்டாவது வெட்டு. வண்டி குறுக்கால நிக்குது. "இன்னும் ஒரு சாண் வேணும் சரவணா!"

ஒரு சாணுக்கு அக்கட்ட மொளகுக் குமி.

சரவணன் நிறுத்திட்டான். குமரேசன் செல்லாயியப் பாத்தான். எல்லாரும் செல்லாயியப் பாத்தோம். ஒரு வருசத்து மொளகுங்க அது. கொடியேறிப் பறிச்சு, உதுத்து, காய வெச்சது.

"என்ன வேடிக்கை? நேரமாகுதுல்ல, வரட்டும்!"னு அதட்டுனா செல்லாயி.

பின் சக்கரம் மொளகு மேல ஏறுச்சு. பட... பட... படன்னு நசுங்குது. அந்தச் சத்தம் எனக்கு நெஞ்சுல கேட்டுச்சு. ஆனா மூக்கு திரும்பிருச்சு! சுளுவாத் திரும்பிருச்சு! தடத்தப் பாத்து நிக்குது வண்டி.

நானும் தருணியும் ஏறல. "ஆளு கொறஞ்சா வண்டி லேசாகும், நீங்க போங்க"ன்னுட்டேன். புதுச்சேலையெல்லாம் சேறு, நான் எங்க நாமக்கல் போறது? மேகலா ஏறுனா. கண்ணாடிய எறக்கி என்னமோ சொல்ல வந்தா. செல்லாயிதான், "அட போ கண்ணு, எறங்கிக் கிறங்கித் தொலையாத!"ன்னு வெரட்டுனா. வண்டி மொத கியர்ல உறுமிட்டு ஏறுச்சு. மடக்குல ஒரு தடவ வாலு ஆடுச்சு... நின்னுச்சு... மறுபடி ஏறுச்சு. ரோட்டுல ஆரன் சத்தம் கேட்டப்பறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

கூட்டம் கலைஞ்சுது. களத்துல நாங்க ரெண்டு பேருதான்.

அவ உக்காந்து நசுங்குன மொளகக் கூட்ட ஆரம்பிச்சா. நான் போலாமா, இருக்கலாமா? போகப் புடிக்கல, இருக்கவும் கூச்சம். நானும் உக்காந்தேன். அவ ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். கை பாட்டுக்குப் பொறுக்குது, மனசு பாட்டுக்கு மலை எறங்குது. இப்ப பத்தாவது வளைவு இருக்குமா, முப்பதாவது இருக்குமா? எதுத்தாப்புல பஸ்ஸு ஏறி வந்தா, ஏறற வண்டிக்குத்தான மொத வழி, இவன் ஒதுங்கி நிக்கணுமே, அந்த நீள வண்டிய வெச்சுட்டு எங்க ஒதுங்குவான்? எந்திரிச்சேன். ரோட்டு வரைக்கும் போனேன். வந்தேன். உக்காந்தேன். மறுபடி எந்திரிச்சேன்.

"ஏ தொடப்பம்"னா செல்லாயி, கையில இருந்த தொடப்பத்தப் பாத்து. "அந்தம்மாவ ஒரு எடத்துல உக்காரச் சொல்லு. எனக்குத் தலை சுத்துது."

உக்காந்தேன்.

ரெண்டு பஸ்ஸு போச்சு. மூணாவது பஸ்ஸும் போச்சு. வெயிலு களத்துல முழுசா எறங்குனப்பறம் போன் அடிச்சுது. தருணிதான் ஓடிப் போயி எடுத்துட்டு வந்தா. அந்தப் பக்கம் மேகலா. பேச்சே வரல, அழுகைச் சத்தம்தான் வருது.

"என்ன கண்ணு? என்னாச்சு? சொல்லு சாமி!"

"கெடச்சிருச்சுங்கத்த... உள்ள போயி உக்காந்து தண்ணி கூடக் குடிக்கல, என்ர பேரக் கூப்புட்டுட்டாங்க. நம்ம பள்ளிக்கூடந்தான்... கெடச்சிருச்சு!"

தருணி என்ர மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறா. "உங்கம்மா இனி ஞாயித்துக்கெழம பஸ்ஸு ஏற மாட்டா சாமி"ன்னேன். அவ குதிக்கல, கத்தல. போயி தலகாணிய எடுத்துட்டு வந்து வெயில்ல போட்டா. ஏன்னு நான் கேக்கல.

செல்லாயி பொடனியக் காட்டிட்டேதான் உக்காந்திருந்தா. ஆனா தொடப்பம் ஓடல.

"என்னாச்சுக்கா?"ன்னா.

தொடப்பத்துகிட்ட இல்லீங்க. என்கிட்ட.

"கெடச்சிருச்சுடி"ன்னேன்.

"ம்"னா. மூக்க உறிஞ்சுனா. மறுபடி கூட்டுனா. அவ்வளவுதான்... கட்டிப் புடிச்சு அழுதோம்னெல்லாம் நெனச்சுக்காதீங்க. நாங்க அப்படிப்பட்ட ஆளுங்க இல்ல. நாலு வருசம் ஓடுன வண்டிங்க, ஒரே ஒடிப்புல திரும்புமா? நீள வண்டி. முன்னால பின்னால போயித்தான் வரணும்.

அன்னிக்குச் சாயந்தரம் சரவணன் ரோட்டுல இருந்து ரிவர்ஸ்லயே எறங்கி வந்தான். வாசலுக்குப் பின்பக்கத்தக் காட்டிட்டு. நான் வாயே தொறக்கல. குமரேசன் மட்டும் மேல நின்னுட்டு, "அம்மாயி, ஆரத்தி எடுக்கலையா?"ன்னு கத்துனான். போக்கிரி.

ஆ... ஒன்னு சொல்ல மறந்துட்டேன். இது உங்களுக்குள்ளயே இருக்கட்டும். செல்லாயி காதுக்குப் போயிரப் போவுது.

நசுங்குன மொளகப் பொறுக்குனேன்னு சொன்னேன்ல. நல்ல மொளகு நசுங்குனா உள்ள வெள்ளையா மாவாட்டம் இருக்கும். பப்பாளி வெத நசுங்குனா ஒன்னுமே இருக்காது, வெறும் கருப்புத் தொலிதான். பாத்த ஒடனே தெரிஞ்சிரும். அந்தக் காலை பூரா, மேகலாவுக்காக மனசு தவிச்சுட்டே, ஒன்னு உடாமப் பாத்தேனுங்க.

அத்தனையும் வெள்ளை. எனக்குக் கொஞ்சம் ஏமாத்தமாத்தான் போச்சு.